மணியும் மும்மணியும்





நம் சமயத்துச் சான்றோர்க்கு மணி என்னும் சொல்லின்பால் தனியொரு விருப்பம் இருந்திருக்கின்றது. வீடுபேற்றுக்குரிய நெறியை அவர்கள் மும்மணி என்றனர். திருத்தக்கதேவர் இயற்றிய காப்பியம் சீவக சிந்தாமணி. தோலாமொழித்தேவர் இயற்றியது சூளாமணி. மண்டல புருடர் செய்த நிகண்டின் பெயர் சூடாமணி. சமந்தபத்திர ஆசாரியர் இல்லறத்தார்க்கென அருளிய வடமொழி நூல் இரத்தினகரண்டக சிராவகாசாரம். அதன் வழியில் தமிழில் எழுந்தது அருங்கலச்செப்பு. இவ்விரு பெயர்களுக்கும் பொருள் ஒன்றே. அரிய மணிகளை இட்டு வைத்த பேழை என்பது அப்பொருள்.

பொருட்பற்றை விடுக என்று போதிக்கும் சமயம், விலைமிக்க பொருளின் பெயரைத் தன் நூல்களுக்கு ஏன் இட்டது? மணியின் அருமையை உலகத்தார் அனைவரும் அறிவர். அறிந்த பொருளைக் காட்டி அறியாத பொருளுக்கு அழைத்துச் செல்வதே ஆசிரியர் கடன். ஆதலின் நம் ஆசாரியர்கள் மணியைக் காட்டி மும்மணிக்கு வழி சொன்னார்கள்.

திருப்பூர், காங்கேயம், வெள்ளக்கோவில் வட்டாரங்களில் வாழும் நம் குடும்பத்தாரிடையே ஒரு கேள்வி எழக்கூடும். பனியன் தொழிலிலும் நூல் வணிகத்திலும் உழைத்து, பொறுப்பை மக்களிடம் ஒப்படைத்துவிட்டு ஓய்வாக இருப்போர் சிலர், வீட்டின் பின்கட்டில் ஒரு சிறு சாணையை நிறுவி, கற்களைப் பட்டை தீட்டுவதைப் பொழுதுபோக்காகக் கொள்ள விரும்பலாம். இது நம் விரதங்களுக்கு உகந்ததா? உயிருக்கு நன்மை தருமா? இதனை இன்று ஆராய்வோம்.

மணி விளைந்த மண்

முதலில் நாம் வாழும் மண்ணை அறிதல் வேண்டும். திருப்பூரிலிருந்து காங்கேயம் செல்லும் வழியிலுள்ள படியூர், பெரில் என்னும் மணிவகைக்குப் பெயர் பெற்ற ஊர். கடல் நீரின் நிறங்கொண்ட பெரிலை வணிகர் அக்வாமரின் என்பர். உரோம நாட்டு அறிஞர் பிளினி முதலாம் நூற்றாண்டிலேயே, பெரில் இந்தியாவில் விளைவது என்றும் பிற நாடுகளில் அரிதாகவே கிடைப்பது என்றும் தம் நூலில் குறித்துள்ளார். கொங்கு நாட்டில் உரோமக் காசுகள் புதையல் புதையலாகக் கிடைத்தமைக்கு இக்கற்களும் ஒரு காரணம் என்பது ஆய்வாளர் கருத்து. காங்கேயத்தைச் சுற்றிய மண்ணில் சந்திரகாந்தக்கல்லும் படிகமும் கிடைத்து வந்தன. அவற்றை அறுத்துத் தீட்டும் கைத்தொழிலும் அங்கே வேரூன்றியது.

நொய்யலாற்றின் வடகரையில், சென்னிமலைக்கு மேற்கே உள்ள கொடுமணல், பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்ற பெயரால் சுட்டப்படும் ஊர். 1985ஆம் ஆண்டு முதல் அங்கே பலமுறை அகழாய்வுகள் நடைபெற்றன. பெரில், நீலம், படிகம், செவ்வந்திக்கல், சூதுபவளம் முதலிய கற்களில் செய்த மணிகள் மட்டுமன்றி, தீட்டாத கற்களும், பாதி வேலையில் நின்றுபோன மணிகளும் கிடைத்தன. ஆகவே அவ்வூர் மணிகளை வாங்கி விற்ற சந்தையாக மட்டும் இருக்கவில்லை. மணி செய்யும் தொழிற்கூடமாகவே விளங்கியது. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் இம்மண்ணில் சாணை சுழன்றது என்று உறுதியாகக் கூறலாம்.

அதே கொங்கு நாட்டில் நம் அறமும் வேர்விட்டிருந்தது. புகலூர் ஆறுநாட்டார் மலையில் சமண முனிவர்க்குச் சேர மரபினர் செய்தளித்த கற்படுக்கைகள் உள்ளன. விசயமங்கலத்தில் எட்டாம் தீர்த்தங்கரராகிய சந்திரப்பிரபர் கோயில் கொண்டுள்ளார். மணியும் அறமும் ஒரே நிலத்தில் அருகருகே வாழ்ந்திருக்கின்றன என்பதை மனத்திற் கொண்டு மேலே செல்வோம்.

காட்சி, அறிவு, ஒழுக்கம்

பட்டை தீட்டுவோன் செய்யும் வேலையை உற்று நோக்குங்கள். அதில் மூன்று படிகள் உண்டு.

முதற்படி பார்த்தல். நிலத்திலிருந்து வந்த கல் அழுக்கும் தோலுமாக, சாலையோரக் கூழாங்கல்லைப் போலவே இருக்கும். பழகாத கண் அதனை எறிந்துவிடும். பழகிய கண் அதனை நீரில் நனைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்கும். உள்ளே தெளிவு எங்கே, விரிசல் எங்கே, நிறம் எந்தப் பக்கம் அடர்ந்துள்ளது என்று காணும். கல்லுக்குள் மணி இருக்கின்றது என்ற உறுதி முதலில் வராவிடில் சாணையைத் தொடுவதற்கே காரணம் இல்லை.

இரண்டாம் படி அறிதல். கற்களின் கடினத்தை ஒன்று முதல் பத்து வரை வரிசைப்படுத்தும் அளவை 1812ஆம் ஆண்டில் பிரெடரிக் மோஸ் என்பார் வகுத்தார். அவ்வளவையில் வைரம் 10, குருந்தக் கல் வகையான மாணிக்கமும் நீலமும் 9, புட்பராகம் 8, படிகம் 7, சந்திரகாந்தம் ஏறத்தாழ 6. கடினம் மட்டும் அறிந்தால் போதாது. சந்திரகாந்தத்தில் இருவகைக் கனிமங்கள் மெல்லிய ஏடுகளாக அடுக்கப்பட்டுள்ளன. அந்த அடுக்குகளில் ஒளி பட்டுச் சிதறுவதால்தான் நிலவொளி போன்ற வெண்ணீல மினுக்கம் தோன்றுகின்றது. கல்லின் அடிப்பகுதி அவ்வேடுகளுக்கு இணையாக அமையுமாறு அறுத்து, மேற்பகுதியைக் குமிழாகத் தீட்டினால், மினுக்கம் உச்சியில் வந்து நிற்கும். திசை தவறினால் அது ஓரத்தில் ஒதுங்கும். அல்லது தோன்றாமலே போகும். படிகத்துக்கு வேறு கணக்கு. அதன் கீழ்ப்பட்டைகளின் சாய்வு ஏறத்தாழ 41 பாகைக்குக் குறைந்தால் மேலிருந்து புகும் ஒளி திரும்பாமல் கீழே ஒழுகிப்போகும். நடுவில் கண்ணாடிச் சன்னல்போல் வெறுமை தெரியும். ஒரே படிகம், இரண்டு பாகை வேறுபாட்டில் ஒளிரவும் செய்யும், வெறுங்கண்ணாடியாகவும் நிற்கும்.

மூன்றாம் படி செய்தல். அரக்கை உருக்கிக் குச்சியின் நுனியில் கல்லை ஒட்டி, சுழலும் தட்டில் வைத்து, பரும்பொடி முதல் நுண்பொடி வரை 220, 400, 600, 1200 என்று எண் உயர உயரப் படிப்படியாகத் தேய்த்து, இறுதியில் சீரியம் ஆக்சைடு போன்ற மெருகுப் பொடியால் முடிப்பர். கை நடுங்கினாலும் பொறுமை இழந்தாலும் கல் கெடும். சூடு மிகுந்தால் சந்திரகாந்தம் பிளந்தே விடும்.

பார்த்து, அறிந்து, செய்யாதிருப்பவன் கையில் கல் கல்லாகவே கிடக்கும். அறியாமல் செய்பவன் மணியைப் பொடியாக்குவான். உமாசுவாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தின் தொடக்கத்திலேயே நற்காட்சி, நன்ஞானம், நல்லொழுக்கம் ஆகிய மூன்றும் சேர்ந்தே வீட்டுநெறி என்று வகுத்தார். மூன்று நெறிகள் என்று அவர் சொல்லவில்லை. மூன்றும் கூடிய ஒரே நெறி என்றார். கோயிலில் நாள்தோறும் கேட்கும் இவ்வுண்மையைச் சாணைக்கருகில் அரைமணி நேரம் அமர்ந்தவன் தன் விரல் நுனியில் உணர முடியும்.

ஆறும் சாணையும்

சாணை கல்லுக்கு ஒளியைக் கொடுப்பதில்லை. ஒளியை மறைத்திருப்பதை நீக்குகின்றது. தேய்ந்து விழுவன அனைத்தும் கல்லின்மேல் இருந்தவையே. புதிதாகச் சேர்ந்தது ஒன்றும் இல்லை. உயிரின் இயல்பாகிய அறிவையும் காட்சியையும் வினை மறைத்துள்ளது. மறைப்பு நீங்கின் அறிவு தானே விளங்கும். நல்லாசிரியரும் மாணவனுக்குள் அறிவைப் புகுத்துவதில்லை. அவனுக்குள் உள்ளது வெளிப்படத் தடையாக நிற்பதை அகற்றுகின்றார்.

தமிழகத்துப் பொன்னூர் மலையோடு தொடர்புடையவராகப் போற்றப்படும் குந்தகுந்தர், சமயசாரத்தில் படிகத்தையே எடுத்துக்காட்டாக்கினார். தூய படிகம் தானாகச் சிவப்பதில்லை. அருகிலுள்ள செந்நிறப் பொருளால் சிவந்து தோன்றுகின்றது. அதுபோல, விருப்பு வெறுப்புகள் உயிரின் சொந்த நிறம் அல்ல என்பது அவர் கருத்து. எத்துணை ஆறுதலான உபதேசம்! நம் கோபமும் பேராசையும் நம் இயல்பல்ல என்றால், அவை நீங்குதல் இயலாத செயலும் அன்று.

வினை நீங்குதலை உதிர்ப்பு என்பர், வடமொழியில் நிர்ஜரை. அது இருவகை. வினை தன் பயனைத் தந்து தானே உதிர்வது ஒன்று. தவத்தால் முன்கூட்டியே உதிர்ப்பது மற்றொன்று. நொய்யலின் படுகையிலுள்ள கூழாங்கல்லைப் பாருங்கள். எத்தனையோ ஆயிரம் ஆண்டுகள் உருண்டு உருண்டு வழவழப்பாகியுள்ளது. ஆனால் அது மணியாகவில்லை. ஆறு ஒரு பக்கம் தேய்த்தது. மறுபக்கம் மோதிப் புதிய வடுக்களைத் தந்தது. பிறவிதோறும் இன்ப துன்பங்களை நுகர்ந்து வினையைக் கழிப்பதும் இத்தகையதே. பழையது கழியும்போதே புதியது சேர்கின்றது. சாணையின் தேய்ப்போ நோக்கமும் அளவும் திசையும் உடையது. தவம் அத்தகையது.

இங்கே கைவினைஞர் ஒரு விதியைக் கண்டிப்பாகப் போற்றுவர். 400 எண் பொடியிலிருந்து 600க்குச் செல்லும் முன் கல்லையும் கையையும் தட்டையும் நன்கு கழுவ வேண்டும். பரும்பொடியின் ஒரு துகள் மெருகுத் தட்டில் தங்கினால் போதும். நாள் முழுதும் செய்த மெருகில் ஒரே கீறலாக இழுத்துவிடும். புதுவினை புகாமல் காப்பதைச் செறிப்பு என்கிறோம். உதிர்ப்புக்கு முன் செறிப்பை ஆகமம் வைத்த காரணம் இங்கே விளங்கும். பத்து நாள் தசலட்சணப் பருவத்தில் உண்ணா நோன்பிருந்து, பதினோராம் நாள் கடைக்கணக்கில் பொய் எழுதுவோன், பரும்பொடிக் கையோடு மெருகுத் தட்டைத் தொடுகின்றான்.

உவமை எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதையும் அறிதல் வேண்டும். கல்லைத் தேய்ப்பவன் வேறு, கல் வேறு. உயிரைத் தேய்ப்பவன் உயிரே. அருகப் பெருமான் நமக்காகச் சாணை சுழற்றுபவர் அல்லர். தீட்டும் முறையைத் தாம் செய்து காட்டி, சொல்லியும் சென்றவர் அவர். கல்லைக் கடையில் கொடுத்து மணியாக வாங்கிவரலாம். உயிரை யாரிடமும் கொடுத்து வாங்க இயலாது.

மன ஒருமை யாவும் தியானமாகுமா?

கல் தீட்டும்போது மனம் வேறெங்கும் அலைவதில்லை, இதுவே தியானம் என்று சிலர் சொல்வர். இதனை நிதானமாக ஆராய வேண்டும். நம் ஆகமத்தில் தியானம் நான்கு வகைப்படும்: ஆர்த்தம், ரௌத்திரம், தருமம், சுக்கிலம். முதலிரண்டும் தீயவை, பின்னிரண்டும் நல்லவை. நான்கிலும் மனம் ஒருமுகப்படுகின்றது. கொக்கும் ஒற்றைக் காலில் நிற்கும்போது ஒருமுகப்பட்டே நிற்கின்றது. மீனை எண்ணி நிற்கின்றது. ஆதலின் மனம் குவிந்தது என்பதனால் மட்டும் புண்ணியம் இல்லை. எதில் குவிந்தது என்பதே கேள்வி.

இக்கல் இவ்வளவு விலை போகும், இதனை எவரும் தொடக்கூடாது, எனக்கு நிகரான மணி யாரிடம் உண்டு என்று கை தேய்க்கத் தேய்க்க மனமும் எண்ணிக்கொண்டிருந்தால், அது பொருளைக் காக்கும் ரௌத்திர தியானம். வாங்கிய கல் விரிசலாகப் போயிற்றே என்று இரவெல்லாம் ஏங்கினால் அது ஆர்த்தம். மாறாக, தேயும் ஒவ்வொரு பட்டையிலும் வினையின் இயல்பை எண்ணினால் அது தரும தியானத்துக்குப் பயிற்சியாகும். பயிற்சி என்றுதான் சொல்கின்றேன். சாமாயிகத்தின் இடத்தை அது பிடித்துக்கொள்ளுதல் ஆகாது.

விலக்கு இல்லாத செயல்

இனிக் கடினமான பகுதிக்கு வருகின்றோம். நிலத்தையே உடலாகக் கொண்ட ஓரறிவுயிர்கள் உண்டென்பது நம் சமயத்தின் நுண்ணிய கொள்கை. நிலவுடல் வகைகளை எண்ணும் ஆகமங்கள் மண், மணல், உப்பு, உலோகங்களோடு மணிவகைகளையும் சேர்த்தே எண்ணுகின்றன. பூச்சியபாதர் தம் சர்வார்த்தசித்தியில் உயிர் உறையும் நிலவுடல் வேறு, உயிர் நீங்கிய நிலவுடல் வேறு என்று பிரித்து விளக்கினார். தோண்டி எடுத்து உடைத்து, பலகாலம் கிடந்து நம் கைக்கு வந்த கல்லை உயிர் நீங்கிய உடலாகக் கொள்வர். எனினும், நாம் வாங்குவதால்தான் மற்றொருவன் தோண்டுகின்றான். அத்தொடர்பை அறுத்துப் பேசுதல் நேர்மையாகாது.

இல்லறத்தான் செய்யும் கொலையை நான்காகப் பகுப்பர். எண்ணிச் செய்வது சங்கல்பி. சமையல், வீடு கட்டல் முதலிய இல்லப் பணிகளால் நேர்வது ஆரம்பி. பிழைப்புக்கான தொழிலால் நேர்வது உத்தியோகி. தற்காப்பில் நேர்வது விரோதி. முதலாவதை அறவே விடவேண்டும். மற்ற மூன்றும் இல்லறத்தார்க்கு முற்றும் தவிர்க்க இயலாதவை என்று கருதி, இயன்றவரை குறைக்குமாறு பணித்தனர்.

இப்போது சிந்தியுங்கள். கூலிக்காகக் கல் தீட்டும் தொழிலாளியின் செயல் மூன்றாம் வகையில் அடங்கும். அவனுக்குப் பசி உண்டு, மக்கள் உண்டு. ஓய்வுக்காகத் தீட்டுபவரின் செயல் எதில் அடங்கும்? அது இல்லப் பணியும் அன்று, பிழைப்பும் அன்று, தற்காப்பும் அன்று. தொழிலாளிக்கு உள்ள விலக்குகூடப் பொழுதுபோக்காளர்க்கு இல்லை. ‘தொழிலாகச் செய்தால்தானே பாவம், நான் சும்மா விளையாட்டுக்குத்தானே செய்கின்றேன்’ என்பது உலக வழக்கு. நம் ஆகமத்தின் தராசில் தட்டு மறுபக்கம் சாய்கின்றது. விளையாட்டுக்குச் செய்பவனே கூடுதல் கவனத்துக்குக் கடமைப்பட்டவன்.

இதற்கென்றே அமைந்தது அனர்த்த தண்ட விரதம். பயனில்லாத் தீங்கை விலக்கும் நோன்பு. வீணே நிலத்தைத் தோண்டுதல், நீரைக் கொட்டுதல், தீ மூட்டுதல், செடியைக் கிள்ளுதல் ஆகியவற்றைச் சமந்தபத்திரர் இதன்கீழ்க் கடிந்துள்ளார். ஆகவே நம் கேள்விக்கு விடை இதுதான்: கல் தீட்டுதல் முற்றிலும் விலக்கப்பட்டது அன்று, ஆனால் பயனை நாமே உண்டாக்கினாலன்றி அது பயனில்லாத் தீங்காகவே எண்ணப்படும். அப்பயனை உண்டாக்கும் வழிகளை இனிக் காண்போம்.

நீரும் தூசியும்

படிகம், சூதுபவளம் போன்ற கற்களைத் தேய்க்கும்போது எழும் நுண்தூசியில் சிலிக்கா உள்ளது. கண்ணுக்குத் தெரியாத அத்துகள் நுரையீரலில் தங்கிச் சிலிக்கோசிஸ் என்னும் நோயைத் தருகின்றது. அதனை முற்றிலும் ஆற்றும் மருந்து இல்லை. வராமல் தடுக்கத்தான் இயலும். குசராத்து மாநிலம் கம்பாத் நகரில் அகேட் கல் தீட்டும் தொழிலாளர் பலர் இந்நோயால் மூச்சுத் திணறி மாண்டனர். அவர்கள் தீட்டிய மணிகள் செபமாலைகளாகவும் விற்பனையாயின. பிறர் நுரையீரலைத் தேய்த்து வந்த மாலையை உருட்டினால் எந்த மந்திரம் பலிக்கும்?

ஆதலால் நீர் சொட்டும் சாணையிலன்றி உலர்ந்த சாணையில் தீட்டாதீர்கள். அது உங்களுக்கும் வீட்டிலுள்ள சிறுவர்க்கும் செய்யும் அபயதானம். வெளியில் கொடுத்துத் தீட்டுபவர்கள், அத்தொழிற்கூடத்தில் நீர்ச்சாணை உண்டா, தூசியை இழுக்கும் அமைப்பு உண்டா, சிறுவர் வேலை செய்கின்றனரா என்று கேட்டறிந்து கொடுங்கள். விலை கேட்கத் தெரிந்த நமக்கு இதனைக் கேட்கவும் தெரிய வேண்டும்.

நீருக்கும் உயிர் உண்டு என்பவர்கள் நாம். நீரை வடிகட்டியே பயன்படுத்துங்கள். திருப்பூரில் கைக்கெட்டியது பின்னல் துணி என்பதற்காக அதில் வடிகட்டுதல் ஆகாது. அதன் கண்ணிகள் இழுத்தால் நெகிழும். நெருக்கமாக நெய்த கெட்டித் துணியை இரண்டாக மடித்துப் பயன்படுத்துக. ஒரு சிறு ஏனத்து நீரையே சுழற்சியாகப் பயன்படுத்தலாம். அடியில் தங்கும் சேற்றைச் சாக்கடையில் ஊற்றாமல் உலரவைத்துத் தனியே அகற்றுங்கள்.

இஃது எத்துணைச் சிறிய செயல் என்று எண்ண வேண்டா. நொய்யலின் வரலாறு நம் கண்முன் நிகழ்ந்தது. சாயக்கழிவு நீர் ஆற்றில் கலந்து, 1992ஆம் ஆண்டில் பாசனத்துக்கென அமைந்த ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, கீழ்ப்பகுதி வயல்களையும் கிணறுகளையும் கெடுத்தது. 2011ஆம் ஆண்டு சனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடுமாறு ஆணையிடும் நிலை வந்தது. ஆற்றைக் கெடுக்க வேண்டும் என்று எவரும் எண்ணிச் செய்யவில்லை. ஒவ்வொருவரும் தம் வாளி நீர் சிறிதென்றே எண்ணினர். பல சிறிது சேர்ந்து ஓர் ஆறு கெட்டது. மணி கழுவிய ஆறு அது என்பதை மறவாதீர்.

போலியும் அச்சமும்

கள்ளாமை விரதத்துக்கு ஐந்து குற்றங்களை உமாசுவாமி கூறுகின்றார். அவற்றுள் ஒன்று பிரதிரூபக வியவகாரம். போலியை மெய்ப்பொருள்போல் விற்றல். கற்களைச் சூடேற்றி நிறம் மாற்றுதலும், விரிசலைக் கண்ணாடியால் நிரப்புதலும், சாயமேற்றுதலும் இன்று பரவலான வழக்கங்கள். செய்ததைச் சொல்லிக் கொடுத்தால் அது வணிகம். மறைத்துக் கொடுத்தால் அது களவு. உறவினருக்கு அன்பளிப்பாகத் தரும்போதும் செயற்கைக் கல்லை இயற்கைக் கல் என்று சொல்லாதீர்கள். விலை வாங்காவிடினும் பொய் பொய்யே.

மற்றொன்றும் உண்டு. இன்ன கல்லை அணிந்தால் இன்ன கிரகத்தின் கேடு நீங்கும் என்று சொல்லி, துன்பத்தில் இருப்போரிடம் பெரும்பொருள் கறப்போர் நாட்டில் மிகுதி. மகள் திருமணம் தள்ளிப்போகின்றதே என்று கலங்கும் தாய், ஏற்றுமதி ஆணை கைநழுவியதே என்று வாடும் சிறு முதலாளி, இவர்களே அவ்வலையில் வீழ்வர். நற்காட்சிக்குத் தடையாக நிற்கும் மூடங்களுள் உலக மூடம் ஒன்று. வினையின் பயனை வினை செய்த உயிரே நுகரும். மோதிரத்திலுள்ள கல் அதனைத் தடுக்குமாயின் தவம் எதற்கு? தீர்த்தங்கரர் எதற்கு? அழகுக்காக மணி அணிதல் அணிவோர் விருப்பம். அச்சத்தால் அணிதல் நம் நெறியன்று. பிறர் அச்சத்தை விலையாக்குதல் அதனினும் கொடிது.

கல்லறையும் கற்படுக்கையும்

கொடுமணலில் அகழ்ந்த பெருங்கற்காலக் கல்லறை ஒன்றில் சூதுபவள மணிகள் மட்டும் 2,000க்கு மேல் கிடைத்தன. கடினமான அக்கல்லில் ஒரு மணியைத் துளையிட்டு முடிக்கவே நீண்ட உழைப்பு வேண்டும். அத்தனை மணிகளையும் உடன்வைத்துப் புதைக்கும் அளவுக்குச் செல்வமும் செல்வாக்கும் பெற்றிருந்தவர் யார்? பெயர் இல்லை. மணிகள் இங்கேயே இருந்தன. உயிர் தன் வினையை மட்டும் எடுத்துக்கொண்டு போயிற்று.

காங்கேயத்துக்கும் ஈரோட்டுக்கும் இடையே அறச்சலூரில் நாகமலை என்றொரு குன்று உண்டு. சமண முனிவர் தங்கிய கற்படுக்கைகள் அங்குள்ள குகையில் இருக்கின்றன. அருகே பழந்தமிழ் எழுத்தில் ஓர் இசைக்கல்வெட்டு. தாளத்துக்குரிய எழுத்துகளை வரிசையாக அமைத்தவர் பெயரும் அதில் உள்ளது: மணிய வண்ணக்கன் தேவன் சாத்தன். வண்ணக்கன் என்பான் காசுகளின் தரமறிந்து சொல்பவன். மணிய வண்ணக்கன் மணிகளின் தரமறிந்து சொல்பவன். இக்கொங்கு மண்ணின் மணிகள் அவர் கையில் எத்தனையோ உருண்டிருக்கும். அவற்றுள் ஒன்றேனும் அவருடையதென்று இன்று எவராலும் சுட்ட முடியாது. முனிவர் உறைந்த பாறையில், கலைக்காக, ஊதியம் கருதாமல் அவர் ஓய்வில் செய்த பணி என்று கொள்ளத்தக்க அவ்வெழுத்துகளோ ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக நிற்கின்றன.

ஓய்வு நேரத்தை எங்கே செலவிட வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டுமா? மணியை எடைபோடத் தெரிந்த அம்மனிதர், எது நிற்கும் எது நில்லாது என்பதையும் எடைபோட்டிருக்கின்றார்.

செய்யத் தக்கவை

ஆகவே இப்பொழுதுபோக்கை மேற்கொள்ள விரும்பும் சிராவக சிராவகியர் சில வரையறைகளை ஏற்றுக்கொள்வது நன்று.

தொழிற்கூடங்களில் கழிவென ஒதுக்கும் சில்லுகளையும் துண்டுகளையும் முதலில் பயன்படுத்துங்கள். அவற்றுக்காக எவரும் புதிதாக நிலத்தைத் தோண்டுவதில்லை. கைதேர்வதற்கும் அவை போதும்.

வைத்துக்கொள்ளும் மணிகளின் எண்ணிக்கையை முன்னரே வரையறுத்து, பொருள் வரைதல் விரதத்தில் சேர்த்துச் சொல்லுங்கள். பத்து என்றால் பத்து. பதினொன்றாவது மணி பிறர்க்குரியது.

தீட்டிய மணிகளை விற்று வரும் தொகையை உணவு, மருந்து, கல்வி, அபயம் என்னும் நால்வகைத் தானங்களுள் ஒன்றுக்கு ஒதுக்குங்கள். தூசியால் நோயுற்ற தொழிலாளர் ஒருவரின் மருத்துவச் செலவுக்கு அதனைத் தந்தால், மணி தன் கடனைத் தானே தீர்த்ததாகும்.

இளைஞர்க்குக் கற்றுக்கொடுங்கள். கைப்பேசித் திரையில் கண்ணைத் தேய்க்கும் பிள்ளைகள், ஒரு கல்லின் திசையறிந்து பொறுமையாகத் தேய்க்கக் கற்றால், பொறுமையே அவர்களுக்குக் கிடைக்கும் முதல் மணி.

எல்லாவற்றுக்கும் மேலாக, சாணையின்முன் எவ்வளவு நேரம் அமர்கின்றீர்களோ அவ்வளவு நேரமேனும் சாமாயிகத்தில் அமருங்கள். ஒரு முகூர்த்தம் 48 நிமிடம். கல்லுக்கு 48 நிமிடம் தர இயலும் என்றால் உயிருக்குத் தர இயலாது என்று சொல்ல நமக்கு வாய் ஏது? முதுமையில் எஞ்சியிருக்கும் நாள்கள் எண்ணத்தக்கவை. தேய்க்கத் தேய்க்கக் கல் ஒளி பெறுகின்றது. நாளோ தேய்ந்தே போகின்றது. தேயும் நாளைக்கொண்டு தேயாத உயிரைத் தீட்டிக்கொள்வதே மனிதப் பிறவியின் பயன்.

புற மணி ஒன்றையும் அறியாத ஏழைக்கும் மும்மணி உரியது. அதனைத் தோண்ட நிலத்தைப் புண்படுத்த வேண்டா. தீட்ட நீரைக் கொட்ட வேண்டா. காக்கப் பெட்டி வேண்டா. பிறர்க்குக் கொடுத்தால் குறைவதும் இல்லை. நற்காட்சி, நன்ஞானம், நல்லொழுக்கம் என்னும் அம்மும்மணிகளும் நம் ஒவ்வொருவர் உள்ளத்திலும் ஒளிர்வதாகுக.

எல்லா உயிர்களும் இன்புற்று வாழ்க. அறம் வளர்க. அருகன் நெறி ஓங்குக.